அரசிதழில் ஒரு ஹெச்

1969ஆம் வருஷம் இரண்டு பெயர் மாற்றங்கள் நடந்தன. ஜனவரி 14, பொங்கலன்று, மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, குப்பனாக இருந்த நான் குணசேகரன் ஆனேன். முதலாவதற்காக சங்கரலிங்கனார் 1956இல் 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றத் தீர்மானம், அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் என்று அது நடந்து முடிய வருஷங்கள் ஆயின. என்னுடையதற்குத் தலைமையாசிரியரின் மசிப்பேனா போதுமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. மொழிவாரியாகப் பிரிந்து இந்த மாநிலம் தனி உருவம் பெற்றது 1956 நவம்பர் 1இல். பெயர் மாறியபோது அதற்குப் பன்னிரண்டு வயதுதான். எனக்கு ஐந்து. ஆக, இரண்டு பேருமே மைனராக இருந்தபோதுதான் பெரியவர்கள் கூடிப் பெயரை மாற்றினார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு மைனருக்குப் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. என் பேரன், ஒன்பது வயது. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பழையதை எழுதினால் மருமகள் முகம் சுண்டிப்போகும். புதியதை எழுதினால், “அரசிதழில் வர்றதுக்கு முன்னாடி எழுதினா செல்லாதுப்பா” என்பான் மகன். உங்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தமிழில் எழுதினால் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றுதான். மாறுவதெல்லாம் ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு ஹெச், கூடுதலாக ஒரு ஏ.

நான் குப்பன் ஆன கதையைச் சொல்லிவிட்டு இதற்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் அப்போது அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் காஞ்சிபுரம் போகவேண்டும். வண்டி கட்டிப் போவதற்குள் காய்ச்சல் தன் வேலையை முடித்துவிடும். அதனால் மூன்றாவதைக் காப்பாற்ற ஊரில் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்துவது. பக்கத்து வீட்டுக் கிழவி தற்செயலாக வருவதுபோல வந்து, “யாரு பெத்த புள்ளையோ, இப்படிக் கெடக்குதே” என்று வாரிக்கொண்டு போவாள். பெற்றவள் பின்னாலேயே போய் ஒரு முறம் தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்குவாள். பிறகு மூக்கு குத்துவார்கள். குப்பன், பிச்சை, தவிடன், மூக்கன், மண்ணாங்கட்டி என்று ஏதாவது ஒன்றைப் பெயராக வைப்பார்கள். எமன் கணக்கெடுக்க வரும்போது, இது யாரோ குப்பையில் போட்டது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அலுத்துத் திரும்பிவிடுவான் என்பது ஏற்பாடு.

ஏற்பாடு பலித்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தால், “உன்ன தவுட்டுக்குத்தானேடா வாங்கினேன்” என்பாள். அன்பு வந்தாலும் அதையேதான் சொல்வாள்.

இந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கிராம முன்சீப் தன் பதிவேட்டில் ‘ஆண்’ என்று எழுதியதோடு சரி, பெயர்க் கட்டத்தைத் தொடவில்லை. ஐந்து வயது வரைக்கும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் ஒரு பால் மட்டுமே.

அப்பா பெயர் கன்னியப்பன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இழுத்துக்கொண்டு போனவர், தலைமையாசிரியர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தலைமையாசிரியர் அதைப் பார்த்ததும் முதலில் துண்டைத் தோளில் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பேச்சே.

“பையன் பேரு?”

“குப்பன், சாமி.”

“சாமி எல்லாம் வேணாம். வீட்ல கூப்புடற பேரு இருக்கட்டும்யா. பேரு இன்னா?”

“அதாங்க. குப்பன்.”

“நாளைக்கு இவன் கலெக்டராவே வந்தான்னா, கலெக்டர் குப்பன்னா போர்டு எழுதுவாங்க?”

அப்பா சிரித்தார். நடக்காத காரியத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. பேனாவை மசிக்கூட்டில் தொட்டு, ‘க. குணசேகரன்’ என்று எழுதினார். பராசக்தி படத்தில் சிவாஜி கணேசனுக்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியவே பத்து வருஷம் ஆயிற்று. பிறகு என் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி தொட்டது. வயது ஐந்து என்று முடிவானது. பிறந்த தேதி ஜூன் 1. அப்பா கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். மாதக் கடைசியில் ஒரு பூசணிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைத் தலைமையாசிரியர் வாங்கவில்லை என்று கேள்வி.

அவர் விளையாட்டாகச் செய்தது இல்லை இது. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது எங்கள் மாவட்டத்துச் செங்கல்பட்டில்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பட்டம் வைத்திருந்தவர்கள் பட்டத்தை விட்டார்கள், சரி. எங்கள் தெருவில் விடுவதற்கு என்ன இருந்தது? வயசாளியைக்கூட ‘டேய்’ போட்டுக் கூப்பிடத் தோதான பெயர்கள்தான் இருந்தன. அந்தப் பாக்கியைத் தலைமையாசிரியர் ஜூன் மாதம் ஜூன் மாதம் தீர்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னோடு சேர்ந்த மண்ணாங்கட்டி மணிமாறன் ஆனான். பிச்சை இளங்கோ ஆனான். எங்களைக் கேட்டார்களா என்றால், இல்லை. பெயர் கூப்பிட்டபோது யாரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவில்லை என்று முதல் வாரம் முழுக்க அடி வாங்கினோம்.

பத்தாம் வகுப்பு முடித்தபோது கையில் வந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் குப்பன் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அங்க அடையாளம் என்ற இடத்தில், மூக்கின் வலதுபுறம் ஒரு தழும்பு என்று எழுதியிருக்கிறது. ஒரு முறம் தவிட்டுக்கு இருக்கிற ஒரே ரசீது அதுதான்.

அரசுப் பேருந்தில் நடத்துநர் ஆனேன். அந்த வேலையில் பெயருக்கு அவ்வளவாக வேலை இல்லை. சட்டையில் குத்திய பித்தளை வில்லையில் ஒரு எண், ஜனங்கள் வாயில் ‘கண்டக்டர்’, அவ்வளவுதான். ஆனால் என்னைச் சுற்றி எல்லாவற்றுக்கும் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. தலைவர்கள் பெயரில் இருந்த போக்குவரத்துக் கழகங்கள் 1997இல் ஒட்டுமொத்தமாகத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. பேருந்தின் பக்கவாட்டில் பெயிண்டை உரித்துப் பார்த்தால் பழைய தலைவர் தெரிவார். நான் பிறந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். வீட்டை விட்டு ஒரு அடி நகராமல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துக்குக் குடிபோனேன், அங்கிருந்து 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தேன். 2019இல் செங்கல்பட்டு என்று மறுபடி ஒரு மாவட்டம் பிறந்தது. அதில் நான் இல்லை. ஊருக்கு நடுவே ஓடுகிற பெங்களூரு சாலை என்.எச். 4 ஆக இருந்து என்.எச். 48 ஆயிற்று. டீக்கடையில் இன்னும் என்.எச். 4தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2006இல் வந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடிப்போனது. நான் ஓய்வு பெறுகிறவரைக்கும் “நோக்கியா ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டவர்கள் உண்டு. நானும் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் ராமாநுஜரே ஒரு பெயரோடு நின்றவர் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தபோது இளையாழ்வார். அப்புறம் உடையவர், எதிராசர், எம்பெருமானார். எதற்கும் விளம்பரம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, இன்றைக்கு வருவோம்.

மகன் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் இன்னொரு கம்பெனியில், செல்போன் பக்கம். ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் மற்றவருக்கு இரவு. மகனின் அடையாள அட்டையில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்ததாம். நமக்கேது கடைசிப் பெயர்? இனிஷியலை விரித்து என் பெயரைப் போட்டுவிட்டார்கள். கொரியாக்கார மேனேஜர் அவனை ‘மிஸ்டர் குணசேகரன்’ என்றுதான் கூப்பிடுகிறார். அப்பாவின் கட்டைவிரலுக்கும் பராசக்திக்கும் நடுவில் பிறந்த பெயர், இப்போது அசெம்பிளி லைனில் தினமும் நாலு தடவை ஒலிக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் அது இன்னும் ஏறவில்லை.

பேரனுக்கு மூன்று வயதிலிருந்து இழுப்பு. ராத்திரியில் நெஞ்சு விசில் அடிக்கும். எங்கள் வீடு சாலையிலிருந்து கூப்பிடு தூரம். கண்டெய்னர் லாரிகள் போகிற போக்கில் ஜன்னல் கம்பியில் படிகிற மண்ணை விரலால் வழித்துப் பெயரே எழுதலாம். டாக்டர் பார்த்துவிட்டு, “தூசிதான். முடிஞ்சா ரோட்ட விட்டுத் தள்ளிக் குடிபோங்க” என்றார். சம்பந்தியம்மா அவனை வேறொருவரிடம் கூட்டிப்போனார். செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற எண் கணித நிபுணர். அவர் பையனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் பெயரை எழுதச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து எண் போட்டுக் கூட்டினார். 26 வந்தது. இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனி. ஹெச்சுக்கு ஐந்து, ஏவுக்கு ஒன்று, ஆறைச் சேர்த்தால் 32. அது மூன்றும் இரண்டும் ஐந்து, புதன். பையன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

டாக்டர் சொன்னது தூசி. இவர் சொன்னது 26. தூசியை எங்களால் மாற்ற முடியாது. 26ஐ மாற்றலாம்.

இதில் நான் சிரிக்க இடம் இல்லை. குப்பைமேட்டில் கிடந்து பிழைத்தவன் எண் கணிதத்தைப் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கே அடுக்காது. அதுவும் இந்த மாநிலத்தில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே 2001இல் தன் ஆங்கிலப் பெயரின் கடைசியில் ஒரு ஏ கூட்டிக்கொண்டவர். கீரோ என்ற வெள்ளைக்காரர் எழுதிவைத்த எண் பலனை பண்டிட் சேதுராமன் போன்றவர்கள் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்து இரண்டு தலைமுறை ஆகிறது. பெங்களூரு சாலையில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த உணவகங்கள் இருக்கின்றனவே, அந்த ஊர்க்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. பெயர் கணித்துத் தருகிற கடைகள் அங்கே உண்டு. 2005இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் பெயர் மாற்றத்துக்கு இருந்த கெடுபிடியைத் தளர்த்தியதும் மாற்றிக்கொள்ள மனுக்கள் குவிந்தன.

நான் கேட்டது ஒன்றுதான். “சரிடா, ஹெச்ச சேத்து நோட்டுல எழுதிக்கட்டும். அதுக்கு இன்னா?”

“அப்படி எழுதினா பவர் வராதாம்ப்பா. லீகலா மாத்தணுமாம்.”

எமனை ஏமாற்ற அம்மாவுக்கு ஒரு முறம் தவிடு போதுமாக இருந்தது. சனி பகவான் சான்றொப்பமிட்ட நகல் கேட்கிறார்.

நகல் எடுக்க உட்கார்ந்தபோதுதான் பேரனுக்கு ஏற்கெனவே மூன்று பெயர் இருப்பது தெரிந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட்டல், ஆதாரில் எங்கோ ஒரு கணினி மையத்தில் தட்டியவர் அதை விழுங்கிவிட்டார், பள்ளியின் எமிஸ் பதிவில் வேறு ஒன்று. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் திருத்த முடியும். அதில் ஒன்று, தட்டியவர் செய்த பிழையைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஒன்பது வயதில் அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

பிறப்புச் சான்றிதழ் இன்னும் கெட்டி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் என்பது 1969 மே 31ஆம் தேதிச் சட்டம். அது வந்து சில நாளில்தான் எங்கள் தலைமையாசிரியர் பேனாவை மசியில் தொட்டார். அவருக்கு அது தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். அந்தச் சட்டத்தின்படி குழந்தையின் பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பதியலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரைக்கும் தமிழ்நாட்டு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஒருமுறை பதிந்த பெயர் பதிந்ததுதான். பிழை இருந்தால் 15ஆம் பிரிவின்படி திருத்தலாம். மனசு மாறியது பிழையில் சேராது. சனி எட்டில் இருப்பதும் சேராது.

ஆக மிஞ்சியது அரசிதழ். சென்னை அண்ணா சாலை 110ஆம் எண் கட்டடத்தில் இருக்கிற எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம் போகவேண்டும். பிறப்புச் சான்று, சான்றொப்பமிட்ட புகைப்படம், முகவரிக்கு ஆதாரம், பதினெட்டு வயதுக்குள் என்றால் பெற்றவரின் கையெழுத்து. படிவம் ஒன்றும் பயங்கரமானது இல்லை. காரணம் கேட்ட இடத்தில் மகன் ‘எண் கணிதப்படி’ என்று எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

மகனுக்கு அன்று இரவு ஷிஃப்ட், காலையில் தூங்கவேண்டும், தான் கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்று மருமகள் கேட்டாள். சாட்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், தகப்பன் இருக்கும்போது தாய் போட்டால் செல்லாது என்று சாதித்தார். 1956இல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தகப்பனை முதலிலும், ‘அவருக்குப் பிறகு’ தாயையும் வைத்தது உண்மை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல், பிறகு என்றால் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை என்று சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் அகெல்லா லலிதா வழக்கில் ஒரு படி மேலே போனது: கணவனை இழந்து மறுமணம் செய்த தாய், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்க முழு உரிமை உள்ளவள் என்றது. இதையெல்லாம் நான் பெரியவரிடம் சொல்லிமுடிப்பதற்குள் மகன் எழுந்துவந்து தூக்கக் கலக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனான். கையெழுத்து கோணலாக இருக்கிறது, ஒப்புமை பார்த்தால் திரும்பி வரும் என்று பெரியவர் அதற்கும் ஒன்று சொன்னார்.

தமிழ்நாடு அரசிதழ் வாரம்தோறும் புதன்கிழமை வருகிறது. தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதமும் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். பெயர் மாற்றங்கள் ஆறாம் பகுதியின் நான்காம் பிரிவில் வருகின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஓய்வு பெற்ற எனக்கு இப்போது அது வாராந்தர வாசிப்பு ஆகிவிட்டது. தொடர்கதைகளை நிறுத்திவிட்ட பத்திரிகைகளைவிட சுவாரசியமாக இருக்கிறது. மதம் மாறியவர்கள், கல்யாணம் ஆனவர்கள், மணவிலக்கு ஆனவர்கள், இனிஷியலை மட்டும் விரித்தவர்கள், எங்களைப் போல ஒரு எழுத்துக்காக அறிவிப்புக் கொடுத்தவர்கள். பெரியவர்களின் அறிவிப்பு ‘நான்’ என்று தொடங்கும். மைனர்களுடையது ‘என் மகன்’, ‘என் மகள்’ என்று தொடங்கி, கீழே தகப்பன் பெயரிலோ தாய் பெயரிலோ முடியும். யாருடைய பெயரோ அவர்கள் அந்த வாக்கியத்தில் பேசுவதே இல்லை.

இந்தப் பகுதியின் தலைப்பில் ஒரு குறிப்பும் தவறாமல் இருக்கிறது. இந்த விளம்பரங்களுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் அரசு ஏற்காது, விளைவுகளுக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு என்று துறை இயக்குநரின் ஆணைப்படி அச்சிட்டிருக்கிறார்கள். சட்டப்படி மாற்றினால்தான் சக்தி வரும் என்று நம்பி நாங்கள் போன இடம், சட்டப் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று முதல் வரியிலேயே கைகழுவுகிறது. மகனிடம் காட்டினேன். “அதெல்லாம் எல்லாத்துலயும் போடுவாங்கப்பா, செல்போன் வாங்கினா வர்ற தாள்ல இல்லியா” என்றான். செல்போன் செய்கிற ஊர்க்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அரசாங்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. பெயர் மாற்றுவதில் அதுவும் அடிபட்ட கை. 2020இல் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கில எழுத்துக் கூட்டலை மாற்றுகிறோம் என்று 1,018 ஊர்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஜூன் மாதம் அது ஊரெங்கும் தெரியவந்தது, அதே ஜூன் மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு போர்டில் இருப்பதுபோல இன்னொரு போர்டில் நான் பார்த்ததில்லை. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பெயர் என்றால் சும்மா ஒரு ஹெச் விவகாரம் என்று நினைத்தவர்களுக்கு எங்கள் ஊரே 2024இல் பாடம் நடத்தியது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சம்பளம், வேலை நேரம் எல்லாம் இருந்தன. ஆனால் நடுவில் நின்ற முள், அவர்கள் தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்வது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருந்தது. அது எங்கள் வணிகப் பெயர், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் 2025 ஜனவரி 27இல் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்ற பெயரிலேயே பதிவானது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பையன்களைத் தாண்டித்தான் அப்போது தினமும் நடைப்பயிற்சிக்குப் போனேன். இதே ஊரில் என் அப்பா எனக்கு வந்த பெயரை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனவர்.

வாயைத் திறப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நியூசிலாந்தில் 2008இல் ஒரு வழக்கு. ஒன்பது வயதுப் பெண். அவள் பெற்றோர் வைத்த பெயர், ஹவாயிலிருந்து வந்த தலுலா ஹூலா ஆடுகிறாள் என்று ஒரு முழு வாக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு அவள் யாரிடமும் அதைச் சொல்வதே இல்லை. என் பெயர் ‘கே’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பெற்றோரின் தகராறில் நீதிமன்றம் வந்தவளின் பெயரைக் கேட்ட நீதிபதி, அவளை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு பெயரை மாற்ற வழிசெய்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2021 ஜூனில், ஜிக்யா யாதவ் என்ற மாணவி மைனராக இருந்தபோது தொடுத்த வழக்கில், பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தோடு பிரிக்க முடியாதது, சி.பி.எஸ்.இ. அதைத் திருத்த வழி வைக்கவேண்டும் என்றது. எங்கள் தலைமையாசிரியர் இதைப் படித்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பார். என்ன, கேட்காமல் மாற்றியதும் அவர்தான்.

அதனால் விண்ணப்பம் போன பிறகு, ஒரு நாள் சாயங்காலம் பேரனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“உன் பேரு மாறுதுடா. புடிச்சிருக்கா?”

“மாறலியே தாத்தா. ஸ்பெல்லிங்தான்.”

“சரி, ஸ்பெல்லிங் புடிச்சிருக்கா?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அட்டெண்டன்ஸ்ல என் பேரு மேல போயிடுமா?”

ரெண்டாவது எழுத்தாக ஏ நுழைந்தால் ஆங்கில அகரவரிசையில் அவன் நாலைந்து பேரைத் தாண்டி மேலே போவான். அந்த வரிசைப்படிதான் அவர்கள் வகுப்பில் பெஞ்சு. இப்போது பக்கத்தில் உட்கார்கிறவன் அவனுக்கு உயிர்த் தோழன். இது எண் கணித நிபுணருக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மிஸ்ஸிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

அவனுக்கு ஒரு தங்கை. 2024இல் பிறந்தவள். அவள் விஷயம் இன்னும் கெடுபிடி. 2023 திருத்தச் சட்டம் அந்த வருஷம் அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஒரு எழுத்து தப்பினால் ஆயுள் முழுக்கத் தப்பு. அண்ணன் விஷயத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு மருமகளுக்கு எந்தப் பெயரையும் பதியப் பயம். மாடிக்காரர் ஒரு கூட்டல் சொல்கிறார், சம்பந்தியம்மா இன்னொருவரிடம் கேட்டு வேறொன்று சொல்கிறார். ஒரு வருஷக் கெடு தாண்டிவிட்டது. ‘பெண்’ என்று மட்டும் இருக்கிறது சான்றிதழில். கியூ.ஆர். கோடு அச்சிட்ட காகிதம், கிராம முன்சீப் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. வீட்டில் அவளைப் ‘பாப்பா’ என்கிறோம். நான் மட்டும் யாரும் இல்லாதபோது ‘குப்பம்மா’ என்று கூப்பிடுகிறேன். சிரிக்கிறாள், இழுப்பு இல்லை.

பிள்ளைக்குப் பெயர் மாற்றப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயரைக் கீழே இறக்குவது பெரிய பாடு. முதலில் அரசிதழ், அதைக் காட்டி ஆதார், பிறகு பள்ளி என்று போங்கள். ஆதாரில் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். அரசிதழ் வந்துவிட்டதே என்று பழைய பெயரில் உள்ள காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் கடைசிவரை அந்தப் பெயரில்தான் இருக்கும்.